முன் கண்ணாடியில் விரிசல்: மாற்றும் வரை காரை ஓட்டுவது சட்டப்படி சரியா?

காவிரிக்கரை · திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பும்போது, உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்திச் செல்ல இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் அடித்தது. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, பழைய 50 காசு அளவில் நட்சத்திரம் போல உடைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கோடு மட்டும் கீழ்நோக்கி நான்கு விரற்கடை நீளத்துக்கு இறங்கியிருக்கிறது.

வண்டி 2019ஆம் ஆண்டு மாடல், 1,200 சிசி. காப்பீட்டு சர்வேயர் புதன்கிழமை வருவதாகவும், கண்ணாடி சனிக்கிழமைதான் கிடைக்கும் என்றும் சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். ஆனால் வியாழக்கிழமை நான் சென்னையில் இருந்தாக வேண்டும்; ஒரு வழிக்கே 330 கிலோமீட்டர். இணையத்தில் தேடியபோது, ஓட்டுநருக்கு நேராக 10 மில்லிமீட்டருக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டருக்கும் மேல் உடைசல் இருந்தால்தான் குற்றம் என்று படித்தேன். அந்தக் கணக்கின்படி என் வண்டி தேறாது. அந்த அளவு நமக்கும் பொருந்துமா? மாற்றும் வரை ஓட்டலாமா?

மேட்டூர் மைந்தன் · திங்கள், இரவு 10.05

இதற்கெல்லாம் அஞ்ச வேண்டாம், நண்பரே. இதைவிடப் பெரிய விரிசலோடு நான் ஆறு மாதம் ஓட்டினேன். சேலத்துக்கும் ஓசூருக்கும் இடையே எத்தனையோ முறை சோதனைக்கு நிறுத்தினார்கள், ஆர்.சி., காப்பீடு, சீட் பெல்ட் ஆகியவற்றைப் பார்த்தார்களே தவிரக் கண்ணாடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வழக்காடி · திங்கள், இரவு 11.20

கேட்டவர் ‘பிடிப்பார்களா’ என்று கேட்கவில்லை, ‘சட்டப்படி சரியா’ என்று கேட்டிருக்கிறார். ஆகவே அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் படித்த 10, 40 மில்லிமீட்டர் கணக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதிதான் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறது. கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், கார்களின் முன் கண்ணாடி லேமினேட்டட் வகையாக, அதாவது இரண்டு தகடுகளை நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியதாக இருக்க வேண்டும், முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு ஒளியும் ஊடுருவ வேண்டும் என்பவை அதன் சாரம். எந்தக் கண்ணாடியைப் பொருத்தலாம் என்பதை அது வரையறுக்கிறதே ஒழிய, பொருத்திய கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் உடைந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். வண்டியில் ஒரு பழுது இருந்து, அது ஓட்டுபவருக்குத் தெரிந்திருந்தாலோ அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருந்தாலோ, அந்தப் பழுதினால் அந்தச் சாலையிலுள்ள மனிதர்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் அபாயம் ஏற்படக்கூடும் என்றால், பொது இடத்தில் அந்த வண்டியை ஓட்டுவது குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இதற்கான அபராதம் 250 ரூபாய் வரைதான். இப்போது 1,500 ரூபாய். அந்தப் பழுதின் விளைவாக விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டாலோ பொருள் சேதமானாலோ மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஆறு மாதம், 10,000 ரூபாய் என்று ஏறும்.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அபாயத்தை உண்டாக்கும் நோக்கம் உங்களுக்கு இருந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. அபாயம் விளையும் தன்மை அந்தப் பழுதுக்கு இருந்தாலே போதும். இரண்டு, ‘பட்டறைக்குத்தான் கொண்டுபோகிறேன்’ என்பதற்கு அந்தப் பிரிவு எந்த விலக்கும் தரவில்லை. பழுதுபார்க்கும் தேதியைப் பதிவு செய்த ரசீது உங்கள் நல்லெண்ணத்தைக் காட்ட உதவலாம், ஆனால் அது அனுமதிச் சீட்டு அல்ல. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு நுணுக்கமாக இங்கே எழுதிவிட்ட பிறகு, ‘பழுது எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழியையும் நீங்களே அடைத்துக்கொண்டீர்கள்.

லெஸ்டர்வாசி · செவ்வாய், அதிகாலை 3.15

அந்த மில்லிமீட்டர் கணக்கு நாங்கள் இருக்கும் பிரிட்டனுடையது. மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. ஸ்டியரிங்கின் நடுவை மையமாக வைத்து 290 மில்லிமீட்டர் அகலத்துக்கு, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒரு பட்டையைக் கற்பனை செய்துகொள்வார்கள். அந்தப் பட்டைக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேலோ, துடைக்கும் பரப்பின் மற்றப் பகுதியில் 40 மில்லிமீட்டருக்கு மேலோ பார்வையைப் பாதிக்கும் சேதம் இருந்தால் வண்டி தேறாது.

இங்கேயும் அது சோதனை நிலையத்தின் அளவுகோல்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாலையில் காவலர் நிறுத்தினால், கண்ணாடி ஓட்டுநரின் பார்வையை மறைக்காத நிலையில் பராமரிக்கப்பட்டிருக்கிறதா என்பதும், வண்டி அபாயகரமான நிலையில் இருக்கிறதா என்பதும்தான் கேள்வி. எட்டு மில்லிமீட்டர்தான் என்று அளவுகோலை நீட்டித் தப்பிக்க முடியாது. ஆங்கிலப் பக்கங்களில் இருப்பதை நாட்டைப் பார்க்காமல் தமிழில் எடுத்துப் போடுவதால் வரும் குழப்பம் இது.

கால் டாக்சி மாணிக்கம் · செவ்வாய், காலை 6.30

இருபத்திரண்டு வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறேன், சார். எங்கள் நிலை வேறு. எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் வண்டியின் முகத்தைத்தான் பார்ப்பார். ஓட்டுநர் பக்கம் விரிசல் இருந்தால் ‘மாற்றிக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த வண்டிக்காரர்களுக்குப் பதினைந்து ஆண்டுவரை அப்படி யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் மேட்டூர் தம்பி ஆறு மாதம் ஓட்ட முடிந்திருக்கிறது.

காவிரிக்கரை சார், நீங்கள் இரண்டு வேலை செய்யுங்கள். வெளிப்பக்கம் அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிறகு உள்பக்கமும் பாருங்கள். வெளியே தடுக்கி, உள்ளே வழுவழுப்பாக இருந்தால் மேல் தகடு மட்டும்தான் உடைந்திருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கமும் தடுக்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம். அடுத்து, கோடு முடியும் இடத்தில் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு சிறு கோடு போட்டு, தேதியையும் எழுதி, புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரவில் மட்டும் வேண்டாம். பகலில் சிறு நூல் போலத் தெரியும் விரிசல், எதிரே வரும் லாரி ஹை பீம் போட்டதும் கண்ணாடி முழுக்கக் கதிர் கதிராகச் சிதறும். அந்த ஒரு நொடியில் ஓரமாக விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் தெரியாது. விராலிமலைப் பக்கம் எனக்கே நடந்தது, மயிரிழையில் தப்பினேன்.

கண்ணாடிக்கடை · செவ்வாய், காலை 10.50

மாணிக்கம் அண்ணன் சொன்ன நகச் சோதனை சரியானதே. அது ஏன் என்று விளக்குகிறேன். மதுரையில் வண்டிக் கண்ணாடி மாற்றுவதுதான் என் தொழில்.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் அவற்றுக்கு நடுவே பி.வி.பி. எனப்படும் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. அந்தப் படலம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கல் பட்டால் வெளித்தகடு உடையும், படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், உள்தகடு பெரும்பாலும் தப்பிக்கும். கதவுக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டஃபண்ட் வகை. அவை விரிசல் விடாது, உடைந்தால் கற்கண்டாக உதிர்ந்துவிடும்.

‘உள்தகடு நன்றாக இருக்கிறதே, பிறகென்ன’ என்று கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். முன் கண்ணாடி காற்றைத் தடுக்க மட்டும் இல்லை. பல கார்களில் பக்கத்து இருக்கையின் காற்றுப்பை டேஷ்போர்டிலிருந்து மேல்நோக்கி வெடித்து, முன் கண்ணாடியில் சாய்ந்துதான் பயணியின் பக்கம் திரும்பும். கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. விளிம்பைத் தொட்டுவிட்ட விரிசல் என்றால் அந்தப் பிடிப்பே தளர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் கோடு கீழ் விளிம்பைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

நட்சத்திரம் மட்டும் இருந்திருந்தால், வெற்றிடம் வைத்து ரெசின் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைத்துச் சரிசெய்யலாம். அரை மணி நேர வேலை. ஆனால் ரெசின் போட்ட இடத்தில் மெல்லிய கறை போன்ற அடையாளம் நிற்கும். ஆகவே ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருந்தால் நான் செய்வதில்லை, மாற்றச் சொல்லிவிடுவேன். உங்களுக்குக் கோடும் இறங்கிவிட்டதால் மாற்றுவதுதான் வழி.

அதுவரை வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள். வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மேல் ஏ.சி. காற்றை நேராகத் திருப்பிவிடாதீர்கள். சுட்ட கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் விரிசல் சரசரவென்று ஓடும், சில நேரம் காதிலேயே கேட்கும். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்து சாத்துவதும் அதே வேலையைச் செய்யும். வாட்டர் சர்வீசுக்கு விடவே வேண்டாம். உடைசலின் மேல் வெளியே ஒரு சிறு துண்டு ஒளிபுகும் டேப் ஒட்டினால் தூசியும் தண்ணீரும் இறங்காது. ஆனால் அது நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்கு. ஓட்டும்போது கண்ணுக்கு நேராக டேப் இருப்பது விரிசலைவிட மோசம்.

மேட்டூர் மைந்தன் · செவ்வாய், பகல் 12.10

எல்லாம் சரி, ஐயா. ஆனால் ஒரு ஐயம். அபாயமா இல்லையா என்று முடிவு செய்வது யார்? அளவே குறிப்பிடாத சட்டத்தை வைத்துக்கொண்டு, நிறுத்தும் காவலர் நினைத்தால் அபராதம், நினைக்காவிட்டால் இல்லை என்றால், அது சட்டமா, குருட்டு அதிர்ஷ்டமா?

வழக்காடி · செவ்வாய், பகல் 1.30

நியாயமான கேள்வி. சாலையில் முதலில் முடிவு செய்பவர் அந்த அதிகாரிதான். அவருடைய முடிவை நீங்கள் ஏற்கவில்லை என்றால் அபராதத்தை அந்த இடத்தில் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதிடலாம். அளவு சொல்லாததில் ஒரு குறை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காரணத்தால், பயணியின் பக்கம் மூலையில் ஒரு கடுகளவு பொட்டு இருப்பவரை 190ஆம் பிரிவில் கொண்டுவருவதும் எளிதல்ல. இடம், நீளம், பரவுகிறதா என்பது, இரவா பகலா, மழையா வெயிலா ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அபாயம் ஆகிறது.

உண்மையான சிக்கல் 1,500 ரூபாய் அன்று. நீங்கள் ஓட்டிய அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் ஒருவர் குறுக்கே வந்து அடிபட்டிருந்தால், காவலர்கள் விபத்து இடத்தைப் பார்த்து எழுதும் மகஜரோடு உங்கள் வண்டியின் புகைப்படமும் கோப்பில் சேர்ந்திருக்கும். தவறு முழுவதும் அவருடையதாகவே இருந்தாலும், ‘பார்வை தெளிவாக இல்லாத கண்ணாடியோடு ஓட்டினார்’ என்ற வாதத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

காவிரிக்கரை · செவ்வாய், மாலை 6.15

அனைவருக்கும் நன்றி. நகச் சோதனை செய்தேன். வெளியே தடுக்கிறது, உள்ளே வழுவழுப்பாக இருக்கிறது. கீழ் விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. நேற்று இரவு நான் படம் எடுத்தபோது இருந்ததற்கும் இன்று காலைக்கும் வேறுபாடு தெரியவில்லை. மார்க்கர் கோடு போட்டுவிட்டேன். சர்வேயர் பார்க்கும் வரை ஓட்டினால் காப்பீட்டில் ஏதாவது சிக்கல் வருமா?

பாலிசி படிப்பவர் · செவ்வாய், இரவு 8.45

வரலாம். நம் நாட்டில் தனியார் கார் பாலிசிகளின் நிபந்தனைப் பகுதி பெரும்பாலும் ஒரே வாசகம் கொண்டது. அதை யாரும் படிப்பதில்லை. சேதம் நேர்ந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க எல்லா நியாயமான முயற்சிகளையும் எடுக்க வேண்டும் என்று இன்னொன்று. அதே நிபந்தனையின் கடைசியில், தேவையான பழுதுபார்ப்பு முடியும் முன் வண்டியை ஓட்டினால், சேதம் மேலும் பெருகுவதும் புதிதாக ஏற்படும் சேதமும் முழுக்க உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று இருக்கும். ரெசினில் முடிந்திருக்க வேண்டிய பொட்டை 300 கிலோமீட்டர் ஓட்டிப் பெரிய விரிசலாக்கிக்கொண்டு போனால், ‘இது நீங்களாகப் பெருக்கிக்கொண்டது’ என்று சர்வேயர் சொல்ல இடம் இருக்கிறது. உங்கள் நிலையில் முதல் நாளே மாற்ற வேண்டிய அளவுக்கு உடைந்துவிட்டது; அதற்கு அந்தப் புகைப்படமே சான்று.

ஆனால் கிளெய்ம் செய்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை ஆண்டாகக் கிளெய்ம் இல்லை?

காவிரிக்கரை · செவ்வாய், இரவு 9.05

8,400 ரூபாய் சொன்னார்கள். மூன்று ஆண்டாகக் கிளெய்ம் இல்லை. இந்த ஆண்டு என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 35 விழுக்காடு.

பாலிசி படிப்பவர் · செவ்வாய், இரவு 9.40

கிளெய்ம் செய்தால் கையில் வருவது 7,400 ரூபாய். செய்யாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் தள்ளுபடி 45 விழுக்காடு, அதற்கடுத்த இரண்டு முறையும் 50. செய்தால் 0, பிறகு 20, பிறகு 25. சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் ஆண்டு 4,050, அடுத்த ஆண்டு 2,700, மூன்றாம் ஆண்டு 2,250. கூட்டினால் சரியாக 9,000 ரூபாய் இழப்பீர்கள். வண்டியின் மதிப்புக் குறைவதால் பிரீமியமும் சற்று இறங்கும் என்று கழித்தாலும், ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சரியாகத்தான் இருக்கும். என்.சி.பி. பாதுகாப்பு எடுத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

கைக்காசு போட்டு மாற்றுவது என்று முடிவு செய்தால் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணாடி எங்கே இருக்கிறதோ அங்கே நாளைக்கே மாற்றலாம். ‘மாற்றும் வரை ஓட்டலாமா’ என்ற கேள்வியே சுருங்கிவிடும்.

கண்ணாடிக்கடை · செவ்வாய், இரவு 10.20

உங்கள் மாடலுக்கு வெளிக்கடைகளில் கண்ணாடி தாராளமாகக் கிடைக்கும். வீட்டுக்கே வந்து மாற்றித் தருபவர்களும் திருச்சியில் இருக்கிறார்கள். புதுக் கண்ணாடியின் மூலையில் லேமினேட்டட் என்ற சொல்லும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறக்கச் சொல்ல வேண்டும். ஒட்டிய பசை இறுகும் வரை, அவர் சொல்லும் நேரத்துக்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். கதவுக் கண்ணாடியில் ஒன்றைச் சற்று இறக்கி வையுங்கள். கேமரா வைத்த புதிய மாடல்களில் கண்ணாடி மாற்றியபின் கேமராவைத் திரும்பச் சீரமைக்க வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

காவிரிக்கரை · புதன், காலை 7.50

காலையில் பார்த்தேன். இரவு முழுவதும் போர்ட்டிகோவில்தான் நின்றது, ஒரு அடிகூட நகர்த்தவில்லை. ஆனால் விரிசல் மார்க்கர் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. சென்னைக்கு வண்டியில் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நாளை பல்லவன் ரயிலில் போக டிக்கெட் எடுத்தாயிற்று. கிளெய்மும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து மாற்றுபவர் இன்று பிற்பகல் வருகிறார்.

கால் டாக்சி மாணிக்கம் · புதன், காலை 8.30

நல்ல முடிவு, சார். கண்ணாடியைக் கழற்றும் முன் ஃபாஸ்டேக்கை நினைவில் வையுங்கள். பழைய கண்ணாடியில் ஒட்டியிருப்பதை உரித்தெடுத்தால் கிழிந்து செத்துவிடும். டோல்கேட்டில் கையில் எடுத்துக் காட்டும் வேலையும் இப்போது நடக்காது. கண்ணாடியில் ஒட்டாமல் வந்தால் இரட்டிப்புக் கட்டணம் என்று 2024லேயே சொல்லிவிட்டார்கள், இப்போது கறுப்புப் பட்டியலிலும் சேர்க்கிறார்கள்.

காவிரிக்கரை · புதன், இரவு 7.10

கண்ணாடி மாற்றியாயிற்று, வெளிக்கடையில் 6,900 ரூபாய்தான் ஆனது. வெட்டுக் கம்பியைச் சுற்றி இழுத்து இரண்டு பேர் பழைய கண்ணாடியைத் தூக்கியபோது, அந்த விரிசல் கீழ் விளிம்பு வரை ஒரே வீச்சில் ஓடி முடிந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஃபாஸ்டேக் மாணிக்கம் அண்ணன் சொன்னபடியே கிழிந்துவிட்டது. வங்கிச் செயலியில் மாற்று டேக்குக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பழைய இருப்புத் தொகை அதே கணக்கில் தொடரும் என்று காட்டுகிறது. அது வந்து சேரும் வரை சமயபுரம் டோலைத் தாண்டும் வேலை எனக்கு இல்லை.